இரண்டு விரல் பள்ளம்: வன்னிக் களியாட்டத்தில் ஒரு பழைய கோஸ்ரரைத் திருத்திய நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு வெளியில், வைகாசி மாதம், களியாட்டம் போட்டிருந்தார்கள். மரணக்கிணறு, ராட்டினம், பலூன் சுடுகிற கடை, கச்சான் வண்டி. அதோடு டிராகன் தலை வைத்த ஒரு சின்ன ரோலர் கோஸ்ரர். என்னுடைய கடைச்சல் பட்டறை அங்கிருந்து கூப்பிடு தூரம். அதனால்தான் இரண்டாம் நாள் இரவே முதலாளி என்னைத் தேடி வந்தார்.

பிரச்சினை இதுதான். ஏறியவர்கள் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். சின்னப் பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை, பெரியவர்கள்தான் முறையிட்டார்கள். அதில் ஒருவர் முதுகில் இன்னும் ஷெல் துண்டு வைத்திருப்பவர். இந்தப் பக்கத்தில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள், எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அவர் என்னிடம் சொன்னது: "அண்ணை, வேகமே இல்லை. ஆனா உந்தக் கடைசி வளைவில ஒரு இடம் இருக்கு. அதில ஆரோ பின்னால நிண்டு உதைக்கிற மாதிரி கிடக்கு."

இந்த வாக்கியத்தை நான் அன்றே ஒழுங்காகக் கேட்டிருந்தால் ஒன்பது நாள் மிச்சமாகியிருக்கும். 'ஒரு இடம்' என்று மனிதர் தெளிவாகத்தான் சொன்னார். முதலாளியும் ஒரு துப்புக் கொடுத்தார். அவர் மலையகப் பக்கத்து ஆள். "அண்ணே, போன ஊருல இப்படி ஒருத்தரும் சொல்லல" என்றார். தன் சாமானைக் காப்பாற்றப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாமான் எப்படிப்பட்டது

இரண்டு இரும்புக் குழாய் தண்டவாளம், முட்டை வடிவச் சுற்று, ஒரு பக்கம் ஒரு மேடு. பதினான்கு கால்கள். உயரம் ஒரு ஓலை வீட்டு முகட்டைவிடக் கொஞ்சம் கூட. ஐந்து பெட்டி, முதல் பெட்டியில் டிராகன் தலை, இரண்டாவதில் மோட்டார். ஒரு டிக்கெட்டுக்கு ஐந்து சுற்று. வேகம், சைக்கிளில் இறக்கத்தில் போகிற வேகம்தான். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி லொறியில் ஏற்றி, அடுத்த ஊரில் விளிம்புத் தட்டுகளை போல்ற் போட்டு இறுக்கிப் பூட்டுவார்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று வகைச் சில்லு. மேலே பாரம் தாங்குவது, பக்கத்தில் அணைத்து ஓடுவது, அடியில் இருந்து பெட்டி கிளம்பாமல் பிடிப்பது. அடியில் ஓடுகிற இந்தச் சில்லுக்கு அமெரிக்கர் ஜோன் மில்லர் 1919இல் காப்புரிமை எடுத்தார். அதற்குப் பிறகுதான் கோஸ்ரர்கள் துணிந்து மேலே கீழே பாயத் தொடங்கின. குழாய்த் தண்டவாளத்தில் ஓடிய முதல் கோஸ்ரர் 1959இல் டிஸ்னிலாண்டில் திறந்த மேட்டர்ஹோர்ன். நம்முடைய டிராகன் அந்த வம்சத்தில் எத்தனையாவது பேரனோ தெரியாது. ஆனால் சில்லு, குழாய், அணைப்பு எல்லாம் அதே இலக்கணம்தான்.

முதல் பிழை: மெத்தை

இருக்கை வெறும் தகடாக இருந்தது. ஆகவே எல்லாரும் சொன்னது, மெத்தை போடுங்கோ. போட்டோம். இரண்டு அங்குலப் பஞ்சு, மேலே ரெக்சின். தையல்கடைத் தம்பி இரண்டு இரவு இருந்து தைத்தார்.

நிலைமை மோசமானது. இருக்கை உயர்ந்ததால் மடிமேல் இறங்குகிற கம்பி ஒரு பல்லு மேலே நின்றது. பெரியவருக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு தேங்காயை வைக்கலாம் போல இடைவெளி. அன்றிரவே மெத்தையைக் கழற்றிவிட்டேன். முதலாளிக்குக் கோபம், காசு போனது. நியாயம்தான். ஆனால் அந்த இடைவெளியோடு ஒரு சுற்றுக்கூட விட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. பஞ்சு மேலிருந்து கீழே வருகிற அதிர்வைத்தான் வாங்கும். முறையிட்டவர்கள் பக்கவாட்டு அடியைச் சொன்னார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து தலை கண்ணாடியில் முட்டுகிறதென்றால், இருக்கைக்குத் தலையணை போட்டு என்ன பயன்?

பெரிய பூங்காக்களும் இந்தப் பாதையால் போயிருக்கின்றன. ஒஹையோவில் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 'சன் ஒஃப் பீஸ்ட்' என்ற மரக் கோஸ்ரர் 2000இல் திறந்தார்கள். 218 அடி, அந்த நேரத்தில் மரக் கோஸ்ரர்களில் உலகிலேயே உயரமானது. 2006 ஜூலையில் மரச்சட்டம் ஒன்று வெடித்து, தண்டவாளம் ஓரிடத்தில் பள்ளமாகிவிட்டது. அந்தப் பள்ளத்தில் ரயில் விழுந்து எழுந்ததில் 27 பேர் காயப்பட்டார்கள். அப்புறம் அதில் தலைகீழாகப் புரட்டுகிற வளையத்தைக் கழற்றினார்கள், பாரம் குறைந்த புது ரயில் போட்டு 2007இல் ஓடவிட்டார்கள். 2009இல் மறுபடி மூடி, 2012இல் இடித்தே விட்டார்கள். ரயிலை மாற்றியும் பாதை திருந்தவில்லை. இந்தக் கதையை மெத்தை தைத்து முடித்த பிறகுதான் வாசித்தேன், என் காலம்.

தொலைபேசியும் சாப்பாட்டுப் பெட்டியும்

நான்காம் நாள் அளக்கத் தொடங்கினோம். பெரிய கருவி ஒன்றுமில்லை. கைத்தொலைபேசிக்குள் அதிர்வு அளக்கிற உணரி இருக்கிறது, அதை வரைபடமாகக் காட்டுகிற செயலி இலவசமாகக் கிடைக்கும். தொலைபேசியைத் துணி சுற்றி எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டிக்குள் இறுக்கி, பெட்டியை மோட்டார் சைக்கிள் ரியூப் வெட்டிய நாடாவால் இருக்கைத் தகட்டோடு கட்டினேன். ஆளில்லாமல் பத்துச் சுற்று. பிறகு அரிசி மூட்டை ஏற்றிப் பத்துச் சுற்று.

வரைபடத்தைப் பார்த்தவுடன் புரிந்தது, வருத்தம் இரண்டு. ஒன்று, சுற்று முழுக்க ஓடுகிற சின்னச் சின்ன நடுக்கம், ஓலையில் மழை பெய்கிற மாதிரி. மற்றது ஒரே ஒரு முள். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், மற்றவற்றைவிட மூன்று மடங்கு உயரமாக எழும்பி நிற்கும். சுண்ணக்கட்டியோடு ஒரு பையனை உள்ளே நிறுத்தி, முள் விழும் நேரத்துக்குக் கைதட்டச் சொல்லி, தண்டவாளத்தில் கோடு போட்டோம். ஏழாவது காலடியில் போய் நின்றது.

அங்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடைச்சல்காரனுக்குச் சில்லுதான் கண்ணில் படும். நடுக்கத்தைத்தான் முதலில் பிடித்தேன்.

நடுக்கம்

பக்கச் சில்லுக்கும் குழாய்க்கும் இடையே சில இடங்களில் அரிவாள் முதுகு போகுமளவு இடைவெளி, சில இடங்களில் கடதாசி போகாது. நேர் பாதையில் பெட்டி இந்தக் குழாயில் முட்டி, அந்தக் குழாய்க்குப் போய், திரும்ப வரும். கள்ளுக் குடித்தவர் வேலிக்கு வேலி நடப்பதுபோல. பெயரிங்குகள் பாதி தேய்ந்திருந்தன, இரண்டு உருளைகள் சுற்றவே இல்லை. பெயரிங் மாற்றி, பக்கச் சில்லுத் தாங்கியில் தகட்டுத் துண்டு வைத்து இடைவெளியை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். அது இரண்டு நாள் வேலை, அதில் சொல்ல அதிகமில்லை.

சில்லுத்தான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. பழையது நைலோன். நைலோன் வேகமாக ஓடும், கடினம், சத்தம், ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அப்படியே இடுப்புக்குக் கடத்தும். போலியூரித்தேன் மென்மை, அதிர்வை விழுங்கும், ஆனால் விழுங்கியதெல்லாம் சூடாக மாறும். கொழும்பிலிருந்து எடுத்த மென்மையான வகையை எல்லாச் சில்லுக்கும் போட்டோம். வைகாசி வெயிலில் மதியம் அந்தக் குழாயில் கை வைக்க முடியாது. மூன்றாம் நாள் பாரம் தாங்குகிற ஒரு சில்லில் ஓரம் உரியத் தொடங்கியிருந்தது. ஆகவே பாரத்துக்குக் கடினமான வகை, பக்கத்துக்கு மென்மையான வகை என்று பிரித்தோம். குளிர்நாட்டு ஆட்கள் எழுதுகிற ஆலோசனையை அப்படியே எடுத்தால் நம்முடைய வெயில் அதைத் தின்றுவிடும்.

நடுக்கம் போனது. வரைபடம் மழை விட்ட கூரையாக அமைதியானது. அதனாலேயே அந்த முள் இப்போது இன்னும் துலக்கமாக நின்றது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா உந்த இடத்தில இப்ப கூட அடிக்குது" என்றார்கள் ஏறியவர்கள். கூட அடிக்கவில்லை. மற்ற இடமெல்லாம் அடங்கியதால் அப்படித் தோன்றியது.

தொடாமல் விட்டது

நேர் பாதையிலிருந்து வளைவு ஒரேயடியாகத் தொடங்குகிறது. அதுவும் ஒரு குறை. 1895இல் கோனி ஐலண்டில் ஓடிய 'ஃபிளிப் ஃபிளாப்' கோஸ்ரரின் வளையம் முழு வட்டம். வட்டத்துக்குள் நுழைந்த கணமே முழு விசையும் கழுத்தில் இறங்கும். ஏறியவர்களின் கழுத்தைப் பதம் பார்த்ததால்தான் அது பேர்போனது. 1976இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் திறந்த 'ரெவல்யூஷன்' கோஸ்ரரில், ஜெர்மன் பொறியியலாளர் வேர்னர் ஸ்டெங்கல் வளைவைப் படிப்படியாக இறுக்கிக் கொண்டுபோனார். ரயில் பாதை போடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

எங்கள் ஒட்டுக்கார (வெல்டிங்) அண்ணைக்கு ஆசை. "வெட்டி, அந்தத் துண்டை மட்டும் நான் வளைச்சுத் தாறன்." நான் மறுத்துவிட்டேன். மனிதர் ஏறுகிற பாரம் தாங்கும் குழாயை, கணக்குப் போட்ட பொறியியலாளர் கையெழுத்து இல்லாமல் வெட்டி ஒட்டக் கூடாது. ஒட்டு வெளியே அழகாக இருக்கும், உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக மோட்டார் வேகத்தை மாற்றுகிற இன்வேர்ட்டர் பெட்டியில், வளைவுக்கு முன் வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும்படி வைத்தோம். பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தோடு போகும். வேகத்தில் பத்துவீதம் குறைத்தால் விசையில் பத்தொன்பது வீதம் குறையும். பயணிகளில் ஒருவருக்கும் வேகம் குறைந்தது தெரியவில்லை.

ஏழாவது கால்

ஒன்பதாம் நாள் காலை, பக்கத்தில் மதில் கட்டிக்கொண்டிருந்த மேசனிடம் நீர்மட்டக் குழாயைக் கடன் வாங்கினேன். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், இரண்டு நுனியையும் தூக்கிப் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கால்களின் அடியைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள், அழகுக்காம். துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனோம்.

ஆறாவது கால் சரி. எட்டாவது சரி. ஏழாவதில் மேசன் தன் கையைக் குழாயோடு வைத்துப் பார்த்தார், விரலை மடித்தார், மறுபடி வைத்தார். "இரண்டு விரல்" என்றார்.

வளைவின் வெளிக்கால் அது. இரண்டு விரல் இறங்கியதில், வெளிப்பக்கம் உயர்ந்து நிற்க வேண்டிய தண்டவாளம் வெளிப்பக்கம் சரிந்து நின்றது. அதே இடத்தில் இரண்டு துண்டு தண்டவாளம் பூட்டிய இணைப்பும் வருகிறது. சரிவில் இணைப்பு முறுகி, ஒரு குழாயின் வாய் மற்றதைவிட ஒரு நாணயத் தடிப்புக்குக் கீழே போயிருந்தது. பெட்டி வெளியே சாயும் அதே கணத்தில் சில்லு அந்தப் படியில் ஏறுகிறது. முதுகில் உதைத்த காலை அங்கேதான் கண்டோம்.

ஏன் அந்தக் கால் மட்டும் இறங்கியது? கச்சான் விற்கிற ஐயா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, உதில முந்தி பங்கர் இருந்தது. மீள்குடியேறி வந்தாப்பிறகு நாங்கள்தான் மண் போட்டு மூடினது" என்றார். மூடிய மண் மூடிய மண்தான். மேலே புல் முளைத்துக் காய்ந்து, பார்வைக்கு வெளியோடு வெளியாக இருந்தது. சித்திரைக் கடைசியில் பெய்த மழை இறங்கி, மேலே ரயில் ஒரு நாளைக்கு நூறு தடவை குத்த, அது தன்பாட்டில் தாழ்ந்துவிட்டது. போன ஊரில் இப்படி இல்லை என்று முதலாளி சொன்னது முழு உண்மை.

கிண்டி இறுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வன்னியில் பழைய பங்கர் மண்ணில் வெடிக்காத சாமான் ஏதும் கிடக்கலாம், மண்வெட்டி போடுமுன் ஒருதரம் யோசிப்பது எங்களுக்குப் பழக்கம். கிண்டவில்லை. முழுச் சாமானையும் கழற்றி இருபது முழம் தள்ளி, ஐயா "இது இறுகின நிலம்" என்று காலால் உதைத்துக் காட்டிய இடத்தில் பூட்டினோம். ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகலமான பாலைமரப் பலகை. பிறகு நீர்மட்டம். பிறகு, தினமும் காலையில் முதல் ஓட்டத்துக்கு முன் நீர்மட்டம் பார்க்க வேண்டும் என்று முதலாளியின் கொப்பியில் எழுதி வைத்தேன்.

கால்களுக்குச் சிலிப்பர் கட்டை (ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற மரக்கட்டை) கேட்டு அலைந்தபோது ஒரு பெரியவர் சிரித்தார். சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் இங்கே ஒரு காலத்தில் பங்கர் கூரையாக இருந்தவை. புதுத் தண்டவாளம் போட்டு 2013 செப்ரெம்பரில் யாழ்தேவி ரயில் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தபோது கீழே கிடந்தது கொங்கிறீற் சிலிப்பர்.

டெக்சாஸோடு ஒப்பிட்டால்

பழைய கோஸ்ரரை இதமாக்குகிற வேலையில் இப்போது பேர்போனது அமெரிக்காவின் ஐடஹோவில் இருக்கிற ரொக்கி மவுண்டன் கொன்ஸ்ட்ரக்ஷன். மரக் கோஸ்ரரில் தண்டவாளமே பலகை அடுக்குத்தான், மேலே மெல்லிய இரும்புப் பட்டை. மழை, வெயில், பாரம் மூன்றும் சேர்ந்து பலகை நெளியும், வருடாவருடம் பிடுங்கி அடிக்க வேண்டும். டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் 1990இல் திறந்த 'டெக்சாஸ் ஜயன்ற்' இப்படித்தான் உடம்பை உலுக்குகிற சாமானாகப் போனது. 2009 கடைசியில் மூடி, மரக் கால்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, மேலே இருந்த பலகைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, தட்டை இரும்புத் தகடுகளைக் கணினி அளவில் வெட்டி ஒட்டிய தண்டவாளம் போட்டார்கள். 2011 ஏப்ரலில் திறந்தபோது பழைய 143 அடி உயரம் 153 ஆகியிருந்தது, ஓட்டமோ இதமாகிவிட்டது. ஒஹையோவில் 1991இல் வந்த 'மீன் ஸ்ட்ரீக்' 2018இல் 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' ஆனது. 161 அடி 205 ஆனது, நான்கு இடத்தில் தலைகீழாகப் புரள்கிறது, ஆனாலும் பழையதைவிட உடம்புக்கு நோவில்லை. உயரமும் வேகமும் கூடி நோவு குறைந்தது என்பதை முதலாளிக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பிளேன் ரீ முழுக்கச் செலவானது.

அங்கே கால் இருந்தது, தண்டவாளம் மாறியது. எங்களிடம் தண்டவாளம் இருந்தது, கால் இடம் மாறியது.

கம்பியும் காலும்

இதமாக ஓடத் தொடங்கியதும் எதிர்பாராத ஒன்று நடந்தது. முன்பு பயந்து நின்றவர்களெல்லாம் வரிசையில் வந்தார்கள். வயதானவர்கள், முதுகு வருத்தக்காரர், பொய்க்கால் போட்டவர்கள். இங்கே பொய்க்கால் அபூர்வமில்லை.

மடிக்கம்பி என்பது இரண்டு தொடையை நம்பி நிற்கிற சாமான். 2011இல் நியூயோர்க் மாநிலத்தில் 'ரைட் ஒஃப் ஸ்டீல்' கோஸ்ரரில், ஈராக் போரில் இரண்டு காலையும் இழந்த ஒரு படைவீரர் வெளியே வீசப்பட்டு இறந்தார். இரண்டு கால் வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது, வேலையாட்கள் மறிக்கவில்லை. திருத்தி எடுத்த அந்த டெக்சாஸ் கோஸ்ரரிலேயே 2013 ஜூலையில் ஒரு பெண் விழுந்து இறந்தார். இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது இடுப்புப் பட்டி சேர்த்தார்கள், கம்பியின் மெத்தையை மாற்றினார்கள், வாசலில் உட்கார்ந்து பார்க்க ஒரு மாதிரி இருக்கையும் வைத்தார்கள்.

மாதிரி இருக்கையை நாங்களும் எடுத்துக்கொண்டோம். பழைய தகட்டு இருக்கை ஒன்றும் கம்பியும் டிக்கெட் மேசைக்குப் பக்கத்தில். உட்கார்ந்து கம்பியை இறக்கி, பையன் இழுத்துப் பார்ப்பான். வரிசைக்கு முன்னால் வைத்து ஒருவரை மறிப்பதைவிட இது மரியாதை. விதியை நான்தான் எழுதினேன்: முழங்காலுக்குக் கீழே பொய்க்கால் என்றால், தொடை முழுசாகக் கம்பிக்குள் பிடிபட்டால், பொய்க்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறலாம். முழங்காலுக்கு மேலே என்றால் இல்லை. முதுகில் ஷெல் துண்டு இருக்கிறவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

மாதிரி இருக்கை வைத்த முதல்நாள் இரவே ஒருவர் மகளோடு வந்தார். வலது கால் தொடையோடு இல்லை. மாதிரி இருக்கையில் தானாகவே போய் இருந்து, கம்பியை இறக்கி, அது ஒரு பக்கம் சரிந்து நிற்பதைப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. அவரே எழும்பினார்.

"சரி தம்பி. பிள்ளை அக்காவோட போகட்டும். நான் கச்சான் வாங்கிக்கொண்டு உதில நிக்கிறன்."

ஐந்து சுற்றும் ஏழாவது காலுக்குப் பக்கத்தில்தான் நின்றார். ரயில் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் கடந்த ஒவ்வொரு தடவையும் மகள் கையை எடுத்து ஆட்டினாள்.